கொடுக்க மட்டும் தெரிந்த மேடம்

மேடத்துக்கு ஒரு பொருளைக் கொடுப்பது லேசான காரியமல்ல. நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த வருடம், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் ஒரு கிண்ணம் வட்டலப்பம் கொண்டுபோனேன். கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு என் கையால் அவித்தது. மேடம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு பை நிறையப் பழைய உடுப்புகளோடு வந்து அதை என் கையில் திணித்தார். எல்லாம் நல்ல துணி, வீணாக்கிவிடாதே என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெளுத்துப்போன கட்டைக் காற்சட்டைகள், கையில்லாத பெனியன்கள். நான் அபாயா போடுகிறவள். என் மகன்மார் இருவரும் அப்போது பாலர் வகுப்பில்.

அன்று மாலைத் தேநீரோடு அந்த வட்டலப்பம் விருந்தினர் மேசைக்குப் போனது. இந்த ஊர்ப் பெண்களின் கைத்திறனுக்குத் தான்தான் ஊக்கம் கொடுத்து வருவதாக மேடம் ஒரு ஜெர்மன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் வட்டலப்பம் அவிக்க ஐரோப்பாவிலிருந்து ஆள் வந்து ஊக்கம் கொடுத்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் தனக்கு வந்த மரியாதையாக எடுத்துக்கொள்வார். பெல்ஜியத்திலிருந்து வந்தவர். உயரமான பெண்மணி, அறுபது தாண்டியும் நிமிர்ந்த நடை. கணவர் இறந்த பிறகு இலங்கைக்கு வந்து, கல்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் கடலைப் பார்த்த காணி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, விருந்தினர் தங்க நாலு கபானாக் குடில்களும் ஒரு சாப்பாட்டு மண்டபமும் கட்டியிருந்தார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குகிற வெள்ளைக்காரர்களால் இடம் நிறைந்துவிடும். நான் பள்ளிவாசல்துறை ஆள். பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் ரியூஷன் கொடுத்துக்கொண்டிருந்ததால் ஊரில் எல்லோருக்கும் டீச்சர். மேடத்துக்கு மட்டும் மெனேஜர். அதாவது, சமையலுக்குச் சாமான் வாங்குவது, அறை பதிவது, மேடம் சொல்வதை ஊருக்கும் ஊர் சொல்வதை மேடத்துக்கும் மொழிபெயர்ப்பது.

ஒரு தடவை அவருடைய வேன் கடற்கரை மணலில் புதைந்துவிட்டது. பக்கத்து மீன்வாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து, சில்லுக்கு அடியில் பலகை போட்டு, தோள் கொடுத்துத் தள்ளி வெளியே எடுத்தார்கள். சிரித்துக் கதைத்துக்கொண்டே செய்த வேலை. கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த நாள் மேடம் ஒரு பெட்டி நிறையத் தொப்பிகளோடு வாடிக்குப் போனார். கெஸ்ட் ஹவுஸின் பெயர் அச்சடித்த தொப்பிகள். ஒவ்வொருவரையும் கிட்டக் கூப்பிட்டுத் தன் கையாலேயே தலையில் வைத்தார். அதில் வயதில் மூத்த ஒரு சம்மாட்டியார் இருந்தார், மூன்று படகுக்குச் சொந்தக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு வேன் புதைந்தால் யாரும் வருவதில்லை. இந்த ஊர் ஆட்கள் நன்றி கெட்டவர்கள் என்று மேடம் சொல்லத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. மேடம் கொடுத்தவற்றிலேயே பெரியது லீசா.

லீசா அவருடைய மகள். கைக்குழந்தையாக இருந்தபோது இந்த நாட்டிலிருந்து தத்தெடுத்துப்போன பிள்ளை. நான் பார்க்கும்போது முப்பது தாண்டியிருந்தாள். பெல்ஜியத்தில் ஒரு வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வருடத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டுத் தாயிடம் வருவாள். பார்த்தால் எங்களில் ஒருத்தி. கல்பிட்டிச் சந்தியில் இறங்கினால் த்ரீவீலர்காரர்கள் தமிழில் கேட்பார்கள், சிங்களத்தில் கேட்பார்கள். அவள் இரண்டும் புரியாமல் சிரிப்பாள். அவ்வளவு நிறமும் முடியும் இருந்தும் ஒரு பச்சைமிளகாய் வாயில் பட்டால் கண்ணீர் விட்டு அழுகிற பெண். மீனில் முள் எடுக்கத் தெரியாது. மற்றவர்கள் முள் எடுக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

புதிதாக விருந்தினர் வந்தால், பகல் சாப்பாட்டு மேசையில் மேடம் லீசாவின் கதையை எடுப்பார். நான் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கே மூச்சு விடுவார், எங்கே கண் கலங்கும் என்பதுகூட எனக்குப் பாடம். பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது ஒரு கோழியின் பாரம்கூட இல்லையாம். தலை முழுக்கப் புண்ணாம். விமானத்தில் முழுநேரமும் கத்தியதாம். மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனாராம். "நான் மட்டும் போகாமல் இருந்திருந்தால்" என்று நிறுத்திவிட்டு லீசாவைப் பார்ப்பார். மேசையில் இருக்கிற எல்லோரும் லீசாவைப் பார்ப்பார்கள். உயிர் தப்பிய அந்தப் புண் தலையைத் தேடுவதுபோல அவளுடைய தலையைப் பார்ப்பார்கள். முப்பது வயதுப் பெண், தன்னுடைய தொழிலும் சம்பாத்தியமும் உள்ளவள், எல்லோர் முன்னாலும் ஒரு கோழிக்குஞ்சாகி உட்கார்ந்திருப்பாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு எழும்பி வருவாள். குசினியில் என் பக்கத்தில் நின்று, ஊற்றிய தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கவா என்று கேட்பாள்.

பெற்ற தாயைப் பற்றி அந்தக் கதையில் ஒரே வரிதான் உண்டு. யாரோ ஓர் ஏழைப் பெண், பெற்றுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள், எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. ஒரு வருடம் லீசாவுக்கு டெங்கு வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கதிரைகூட இல்லாத வார்டில், மேடம் நிலத்தில் பாய் விரித்துக் கிடந்து மகளைப் பார்த்தார். வாந்தியைத் தன் கையால் துடைத்தார். யாரையும் கிட்ட அண்டவிடவில்லை. லீசாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தேன். அது நடிப்பல்ல. அவர் அந்தப் பிள்ளையை நேசிக்கவில்லை என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். ஆனால் லீசா எழும்பி நடந்த கிழமையே அந்தப் பாயும் வாந்தியும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டன. "இரண்டாவது தடவையும் நான்தான்" என்று கதை நீண்டது. நேசித்ததை அவரால் சும்மா வைத்திருக்க முடியாது. அதை நாலு பேருக்குக் காட்டிக் கைதட்டு வாங்க வேண்டும்.

நத்தார் காலத்தில் மேடம் ஏழைப் பெண்களுக்குப் பொதி கொடுப்பார். கடல் உள்ளே புகுந்து கிடக்கிற களப்பின் கரைப் பக்கம் உள்ள ஒரு கிறிஸ்தவ மீனவக் கிராமத்தில், கோயில் முற்றத்தில், அரிசி, பருப்பு, பால்மா, ஒரு சீலை. விருந்தினர் படம் எடுப்பார்கள். பெண்களை வரிசையாக நிறுத்துவது என் வேலை. அந்த வரிசையில் வருகிற ஜசிந்தா அக்காவுக்கு மட்டும் மேடம் இரண்டு பொதி கொடுப்பார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தானாம். ஜசிந்தா அக்கா விதவை. கருவாட்டு வாடியில் மீன் வெட்டிப் பிழைக்கிறவர். ஒரே மகன் அன்ரன், கடலுக்குப் போகிறவன். அவரைவிடக் கஷ்டப்பட்டவர்கள் வரிசையில் இருந்தார்கள். ஏன் இவருக்கு மட்டும் இரண்டு என்று நான் ஒரு தடவை கேட்டேன். அவளுடைய முகம் எனக்குப் பிடித்திருக்கிறது என்றார் மேடம். ஜசிந்தா அக்கா இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து கும்பிட்டுவிட்டுப் போவார். மேடம் அவர் போகிற திசையையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது ஏழைகளைப் பார்த்து அவர் வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்பாகத்தான் தெரிந்தது.

டெங்கு வந்ததற்கு அடுத்த வருடம் லீசா வந்தபோது ஒரு முடிவோடு வந்திருந்தாள். பகல் சாப்பாட்டு நேரம், விருந்தினர் இரண்டு பேர் மேசையில் இருக்கும்போதே, பெற்ற தாயைத் தேடப் போவதாகச் சொன்னாள். அவளைப் போலத் தத்துப் போனவர்கள் பலர் இப்படித் தேடுகிறார்களாம், உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்களாம். மொழிபெயர்க்க என்னை அழைத்துப்போகலாமா என்று தாயிடம் கேட்டாள். எவ்வளவு காலம் பயிற்சி எடுத்துக் கேட்டாளோ தெரியாது.

மேடம் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரித்தார். தேட வேண்டிய அவசியமே இல்லை என்றார். அவள் களப்புக் கரையில்தான் இருக்கிறாள், ஜசிந்தா என்று பெயர், பிள்ளையைக் கையளித்த அன்று நீதிமன்றத்தில் பார்த்த முகம் எனக்கு மறக்கவில்லை, இங்கே குடிவந்ததும் பத்திரத்தில் இருந்த பெயரை வைத்து விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். "எட்டு வருடமாக நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு" என்று சொல்லிவிட்டு, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். பரிசைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறவரைப் போல இருந்தது.

லீசா என் பக்கம் திரும்பினாள். எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரியும். பிறகு தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீ யார் என்று அவளுக்குத் தெரியுமா?

"ஏன் தெரிய வேண்டும்? தெரிந்தால் வந்து நின்று தொந்தரவு கொடுப்பாள்" என்றார் மேடம்.

லீசா தன் பீங்கானை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். நாளைக் காலையில் நாங்கள் இருவர் மட்டும் போவோம் என்று என்னிடம் சொன்னாள். தாயிடம், நீ வரக் கூடாது என்றாள். அவள் தாயிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேடம் விருந்தினர் பக்கம் திரும்பி, அதிர்ச்சியில் இருக்கிறாள், பிறகு நன்றி சொல்வாள் என்றார்.

காலையில் த்ரீவீலரில் போனோம். ஜசிந்தா அக்கா இதை யாரிடம் சொல்லியிருப்பார், மகனுக்குத் தெரியுமா, ஊருக்குத் தெரியுமா, எதுவும் எனக்குத் தெரியாது. சின்னக் கிராமத்தில் இப்படி ஒரு விஷயம் வெளியே வந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியும். மெதுவாக, உள்ளே கூட்டிப்போய், ஆள் இல்லாத இடத்தில் சொல்வது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

ஜசிந்தா அக்கா வாடியில் பலகைக்கு முன்னால் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அன்ரன் கொஞ்சம் தள்ளிக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். உங்களோடு ஒரு கதை இருக்கிறது, வீட்டுக்குள் போவோமா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற லீசாவைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இந்தப் பிள்ளைக்கு எத்தின வயசு?"

சொன்னேன். எங்கிருந்து வந்திருக்கிறாள் என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவர் எழும்பிப் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக் கொல்லைக்குப் போய், வாளித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடியும் கழுவினார். தேசிக்காய் ஒன்றை வெட்டித் தேய்த்தார். மறுபடியும் முகர்ந்தார். மீன் நாற்றம் போகவில்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார், அழுதுகொண்டு. லீசாதான் போய் அந்தக் கைகளைப் பிடித்தாள். பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் சொன்னவை துண்டுதுண்டாகத்தான் வந்தன. நான் லீசாவுக்கு மாற்றிச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குப் போன இடத்தில் வயிற்றில் பிள்ளை. அவரைப் போன்ற பெண்களைப் பிள்ளை பிறக்கும்வரை வைத்திருந்த ஒரு வீட்டுக்கு ஒருத்தி கூட்டிப்போனாள். பிள்ளை நல்ல இடத்தில் படிக்கும், பதினெட்டு வயதில் திரும்பி வரும் என்று சொன்னார்கள். அவர் நம்பினார். பதினெட்டு முடிந்த வருடம் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாராம். புருஷனுக்குச் சொல்லவில்லை. மகனுக்கும் சொல்லவில்லை.

அப்போது வேன் வந்து நின்றது. நாங்கள் முன் முற்றத்துக்கு வந்தோம்.

மேடம் இறங்கினார். பின்னால் அந்த விருந்தினர் இரண்டு பேர், கையில் கேமராவோடு. வேன் சத்தத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்தார்கள், வாடி ஆட்கள் வந்தார்கள், அன்ரன் வலையை விட்டு எழும்பி வந்தான். மேடம் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படியாக, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், ஒரு கையால் ஜசிந்தா அக்காவையும் மறு கையால் லீசாவையும் காட்டி, "அம்மா. மகள். நான் வளர்த்தது" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்த தமிழ் இருபது சொல்தான். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஊர் நடுவில் போட்டு உடைக்க அது போதுமாக இருந்தது.

அன்ரன் தாயைப் பார்த்தான். லீசாவைப் பார்த்தான். கடற்கரைப் பக்கம் நடந்துபோனான். ஜசிந்தா அக்கா அவனைக் கூப்பிட வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மேடம் எதையும் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்து, அவளுடைய பிள்ளையை நான் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன், எனக்கு நன்றி சொல்லத் தேவையில்லை என்று அவளிடம் சொல் என்றார்.

சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். ஜசிந்தா அக்கா முதல்முறையாக மேடத்தை ஏறிட்டுப் பார்த்தார். பொதி கொடுக்கிற வெள்ளைக்காரம்மா என்று மட்டும் அவருக்குத் தெரிந்த முகம்.

"இவதானா அண்டைக்குக் கோர்ட்டில நிண்டது?" என்று என்னிடம் கேட்டார். "நான் தலையத் தூக்கல்ல டீச்சர். நிலத்தத்தான் பாத்துக்கிட்டு நிண்டன். இவட சப்பாத்த மட்டுந்தான் கண்டன்."

ஓம், இவர்தான் என்றேன். பொதி தந்த எட்டு வருடமும் நீங்கள் யார் என்று இவருக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

"நன்றி சொல்லத் தேவல்லையாமா? சரி, நான் சொல்லல்ல. ஆனா ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. எட்டு வருசம் என்ட கையில அரிசி தந்தாவே. என்ட பிள்ள எங்க இரிக்கிதெண்டு தெரிஞ்சுக்கிட்டே தந்தாவே. நான் கும்பிட்டுட்டுப் போகக்குள்ள இவ என்னத்துக்குச் சிரிச்சா?"

நான் அதையும் சொல்லுக்குச் சொல் இங்கிலிஷில் கேட்டேன். மேடம் தலையைச் சாய்த்து, இரக்கம் வந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விருந்தினர் பக்கம் திரும்பி, பாவம், மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்றார். லீசா போய்க் கேமராவின் முன்னால் கையை வைத்து மறைத்தாள். இரண்டு பேரும் வெட்கப்பட்டு வேனுக்குப் போனார்கள். மேடம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றார். யாரும் அவருக்குக் கதிரை போடவில்லை.

லீசா அன்று திரும்பி வரவில்லை. லீவை நீட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கினாள். அன்ரன் கன நாள் வீட்டுக்கு வராமல் வாடியிலேயே படுத்தான். ஊர் பேசியது. கோயிலில் ஜசிந்தா அக்காவின் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. அதை எல்லாம் ஓர் ஓட்டை வேலிக்குப் பின்னால் வாழ்கிற ஒரு பெண் எப்படித் தாங்கினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு மத்தியானம் அன்ரன் ஒரு அறுக்குளா மீனோடு வந்து குசினி வாசலில் வைத்துவிட்டு, லீசாவைப் பார்க்காமல், இதில் முள் குறைவு, அந்த அக்காவுக்குச் சாப்பிடலாம் என்று தாயிடம் சொன்னானாம். அதற்குப் பிறகு அவன் வீட்டில்தான் படுத்தான். லீசா இப்போதும் வருடா வருடம் வருகிறாள். விமானத்தால் இறங்கி நேரே களப்புக் கரைக்குத்தான். தாயோடும் தம்பியோடும் அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு அடங்காது. ஆனால் பேசுகிறாள்.

மேடத்தை அவள் கைவிடவும் இல்லை. இங்கே வந்து நிற்கிற நாட்களில் கிழமைக்கொரு தடவை போய்ப் பார்ப்பாள், மருந்து வாங்கிக் கொடுப்பாள். போகிற நேரம் வந்ததும் எழும்பிப் போய்விடுவாள். மேடத்தின் கதைக்கு மட்டும் புது முடிவு கிடைத்துவிட்டது. முப்பது வருடம் பிரிந்திருந்த தாயையும் மகளையும் தான் சேர்த்துவைத்ததாக மேசையில் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் முன்னால் நான் பழச்சாறு வைத்துக்கொண்டிருப்பேன்.

பிறகு வெளிநாட்டு ஆட்களின் வரவு குறைந்தது. கபானாக்கள் பூட்டிக் கிடந்தன. மேடத்துக்கு முழங்காலும் வருத்தம். இடத்தைக் கைமாற்றிவிட்டுத் தன் ஊருக்கே போவதென்று முடிவெடுத்தார். லீசா அப்போது பெல்ஜியத்தில் இருந்தாள், அங்கே விமான நிலையத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். இங்கே வழியனுப்ப நானும் வேன்காரரும் மட்டும்தான். பெட்டிகளை ஏற்றி முடித்து, அவரைக் கைபிடித்து ஏற்றி உட்கார வைத்தேன். கண்ணாடியை இறக்கி, என்னைக் கிட்டக் கூப்பிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் களப்புக் கரைக்கு, ஜசிந்தா அக்கா வீட்டுக்குப் போய்வருவது அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டில் தன்னைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். போகிற மனுஷி. நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் எஞ்சின் எண்ணெய் விலையைப் பற்றிக் கதைப்பார்கள், அன்ரனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிக் கதைப்பார்கள், லீசா ஃபோனில் எடுத்தால் அவளுடைய தமிழைப் பற்றிச் சிரிப்பார்கள். எத்தனையோ ஞாயிறுகள் போயிருக்கிறேன். மேடத்தின் பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை.

உங்களைப் பற்றி ஒன்றும் கதைப்பதில்லை மேடம் என்றேன்.

அவர் நான் மேலே எதையாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் எஞ்சினைப் போட்டார்.

"கோபம்கூட இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.